கண்ணாடியில் நின்ற வாட்ச்மேன்

"நான் வரல, நீ போயிட்டு வா" என்று சொல்லி டைரக்டர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார் அல்லவா? போன வாரம் அவரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இப்போது விடிந்து, வெயில் ஜன்னல் கம்பிக்குள் ஏறிவிட்டது. மனிதர் இன்னும் போர்வைக்குள்தான் இருக்கிறார். தூங்குகிறாரா என்றால் அதுவும் இல்லை.

இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் டைரக்டர் ஒரு துப்பறியும் படம் எடுத்தார். ஒரு லாட்ஜ். கரண்ட் போன நேரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு கொலை. எந்நேரமும் ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் ஒரு துப்பறிவாளர். லாட்ஜ் வாட்ச்மேன்தான் கொலைகாரன் என்று கடைசியில் அவர் நிரூபிப்பார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அப்புறம் அது டிவிடியில் வந்தது. வீட்டில் சும்மா இருப்பவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மாடியில் அலறல் கேட்கும் அதே நொடியில், கீழே வரவேற்பறைக் கண்ணாடியில் வாட்ச்மேன் நிதானமாக மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறான். கீழே மெழுகுவத்தி ஏற்றுகிறவன் மேலே போய் எப்படிக் கொலை செய்வான்? ஊரே சிரித்தது.

பேட்டி எடுத்தவர்கள் கேட்டபோது டைரக்டரும் சிரித்தார். "எடிட்டிங்ல நடந்த தப்பு. எடிட்டர் என் சொந்தத் தங்கச்சி. என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார்.

அந்த ஒரு சிரிப்பில் தங்கையின் பிழைப்பு போயிற்று. சினிமா வட்டாரத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். ஒரு காலத்தில் அது பாராட்டு. "கத்திரிகிட்ட கொடுங்க, சரியாயிடும்" என்பார்கள். பிறகு, "கத்திரிகிட்ட கொடுத்தா ஒரே ஆள் ரெண்டு இடத்துல இருப்பான்" என்று ஆனது. யார் யாருடைய கல்யாண வீடியோக்களையோ வெட்டி ஒட்டிக் காலத்தை ஓட்டினாள்.

உண்மை வேறு. அந்தக் கண்ணாடி ஷாட்டைக் கத்திரி முதலிலேயே வெட்டி எறிந்துவிட்டாள். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி எடுத்த ஷாட் அது. கேமரா கண்ணாடியில் தெரியாமல் இருக்கக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அவரே குனிந்து நின்றார். "நீ பட்ட கஷ்டம் பாக்கறவங்களுக்குத் தெரியாது அண்ணா" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிரிண்ட் போக வேண்டிய அன்று மதியம், தூக்கமில்லாமல் வேலை பார்த்த அசதியில் அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கண்ணயர்ந்தபோது, உதவியாளனைக் கொண்டு அவர் அந்த ஷாட்டைத் திரும்பச் சொருகிவிட்டார்.

முதல் நாள் தியேட்டரில்தான் அவளுக்கே தெரிந்தது. வீட்டு விஷயம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

இன்னொருவரும் வாயை மூடிக்கொண்டார். அன்று மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த டைரக்டரின் மனைவி, கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கேரியரை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிட்டார். இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது.

இப்போது அதே கதைக்கு இரண்டாம் படம் வருகிறது. தயாரிப்பாளர் முதலில் டைரக்டரைத்தான் கூப்பிட்டார். இவர் ஹெலிகாப்டர் எல்லாம் வைத்து ஒரு கதை சொன்னார். தயாரிப்பாளர் கொட்டாவி விட்டார். மறுவாரம் கத்திரி போய் ஒரே ஒரு வரி சொன்னாள்: "அன்னிக்குத் துப்பறிவாளர் தப்பான ஆளைப் பிடிச்சுட்டார் சார். அந்த வாட்ச்மேன் நிரபராதி." தயாரிப்பாளர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, படத்தை அவளையே டைரக்ட் பண்ணச் சொன்னார்.

அன்றிலிருந்து அண்ணன் தங்கையோடு பேசவில்லை. இன்றைக்குப் படம் ரிலீஸ். சாயங்கால ஸ்பெஷல் ஷோவுக்கு வரச் சொல்லித் தங்கை பாஸ் அனுப்பியிருக்கிறாள்.

* * *

"சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில மாட்டியிருக்கேன்" என்றார் அண்ணி.

டைரக்டரின் மனைவியைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். தெருமுனை மருந்துக்கடை அவருடையது. அவரைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, "அண்ணி, இருமலுக்கு ஏதாவது குடுங்க" என்றுதான் வந்து நிற்பார்கள். டைரக்டருக்குப் படம் இல்லாத வருஷங்களில் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தக் கடையால்தான்.

"நான்தான் வரலன்னு சொல்லிட்டேனே." போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போட்டுக்கச் சொல்லல. மாட்டியிருக்கேன்னுதான் சொன்னேன்."

டைரக்டர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "என் துப்பறிவாளரை முட்டாளாக்கி ஒரு படம் எடுத்திருக்கா. அதைக் கை தட்டிப் பாக்க நான் வரணுமா?"

"பாக்காமயே எப்படிங்க சொல்றீங்க?"

"கதை தெரியுமே."

"சாயங்காலம் பத்திரிகைக்காரங்களுக்கு ஸ்பெஷல் ஷோ. முடிஞ்சதும் மேடையில அவளைக் கேள்வி கேப்பாங்க. பழசையெல்லாம் கிளறுவாங்க." அண்ணி கடைச் சாவியைக் கைப்பையில் போட்டார். "நீங்க பக்கத்துல இருந்தா நல்லது."

"நான் இருந்து என்ன ஆகப்போகுது?"

பார்த்ததைச் சொல்லிவிடலாமா என்று அண்ணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் வந்து வந்து திரும்பிப் போகிறது.

"கடை திறக்கணும். நான் அங்கேருந்தே நேரா போயிடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், டைரக்டர் பரபரவென்று குளித்தார். ஒரு பழைய டீ-ஷர்ட். தொப்பி. கறுப்புக் கண்ணாடி. கதவைப் பூட்டிவிட்டு, எதிர்த் திசையில் நடந்து, இரண்டு தெரு சுற்றிப் பகல் காட்சி நடக்கும் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தார்.

டிக்கெட் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "வணக்கம் டைரக்டர் சார். கார்னர் சீட் போடட்டுமா?"

துப்பறியும் படம் எடுத்தவருக்கு மாறுவேஷம் இவ்வளவுதான் வந்தது.

* * *

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குறை கண்டுபிடிக்க வந்தவர் எப்படி உட்கார்வாரோ அப்படி.

பக்கத்து சீட்டில் ஒரு பெண்மணி மடியில் பெரிய பாப்கார்ன் டப்பாவோடு இருந்தார். வீட்டுக்காரரிடம், "முதல் படம் மாதிரிக் குளறுபடி பண்ணியிருக்கப் போறாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. டைரக்டர் சீட்டில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தார்.

படம் ஆரம்பித்தது. துப்பறிவாளர் ரிட்டையர் ஆகித் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறார். அதே ஜலதோஷம். ஒரு காட்சியில் அவர் கையிலிருந்த டம்ளரில் முதலில் டீ பாதி இருந்தது. அடுத்த ஷாட்டில் முக்கால் இருந்தது. டைரக்டருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. பாப்பா, மாட்டினியா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். நாற்பது வயது தாண்டியும் தங்கை அவருக்குப் பாப்பாதான், கோபத்திலும்.

அதற்கப்புறம் டம்ளரைக் கவனிக்க மறந்துபோனார்.

கதை அவரை இழுத்துக்கொண்டு போனது. இவர் படத்தில் ஆட்கள் ஓடுவார்கள், கதவை உதைப்பார்கள், துப்பறிவாளர் பக்கம் பக்கமாகப் பேசுவார். இந்தப் படத்தில் யாரும் ஓடவில்லை. ஒரு கிழவர் தனக்கு வந்த பழைய பாராட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட ஆரம்பிக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் சீட் நுனிக்கு வந்துவிட்டார் டைரக்டர். தான் பெற்ற பிள்ளையை வேறு யாரோ தன்னைவிட நன்றாக வளர்த்திருப்பதைப் பார்ப்பது போல இருந்தது. பெருமைப்படுவதா, வயிறெரிவதா என்று தெரியவில்லை. இரண்டுமே வந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னால், துப்பறிவாளரின் வீட்டில் கரண்ட் போகிறது. அவர் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மெழுகுவத்தி ஏற்றுகிறார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறார். அப்படியே நின்றுவிடுகிறார்.

அப்போது வந்தது அந்த ஷாட். முதல் படத்து ஷாட். வெட்டாமல், குறைக்காமல், முழுசாக. லாட்ஜ் வரவேற்பறை, பெரிய கண்ணாடி, அதில் வாட்ச்மேன். தீக்குச்சியை உரசுகிறான். கையால் காற்றை மறைத்துத் திரியில் வைக்கிறான். மேலே அலறல். அவன் தலையைத் தூக்கி மாடியைப் பார்க்கிறான்.

"அன்னிக்கு அவன் கண்ணாடியில இருந்தான்" என்றார் திரையில் துப்பறிவாளர், மூக்கை உறிஞ்சாமல். "நான் பாத்தேன். பாத்துட்டும் விட்டுட்டேன். கேஸ் அழகா முடிஞ்சிருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனசு வரல."

பக்கத்துப் பெண்மணியின் கை பாப்கார்ன் டப்பாவுக்குள்ளேயே நின்றுபோனது.

டைரக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உலகத்தில் எத்தனையோ பேர் அந்த ஷாட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அது ஒரு நல்ல ஷாட் என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஊர் பார்த்தது. ஊரைப் பார்க்க வைத்தது அவள். இவர் அவள்மேல் தூக்கிப் போட்ட பழியையே எடுத்து, இவர் ஷாட்டுக்கு ஒரு மரியாதை தேடிக் கொடுத்திருந்தாள்.

இரண்டாம் பாதியில் வாட்ச்மேன் விடுதலையாகிறான். துப்பறிவாளர் ஜெயில் வாசலில் காத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தை ஆரம்பிக்கிறார். வாட்ச்மேன் பாதியிலேயே கேட்கிறான்: "லாட்ஜ்ல என் இடத்துல இப்ப யார் சார் இருக்காங்க?"

அந்தக் கேள்வியோடு படம் முடிகிறது.

விளக்குகள் எரிந்த பிறகும் டைரக்டர் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார். மறைக்கவும் முயலவில்லை. "நல்ல படம் இல்லைங்களா?" என்றார் பாப்கார்ன் பெண்மணி, அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "முதல் படம் எடுத்தவனுக்கு இதைக் காட்டணும்."

"காட்டியாச்சுங்க" என்றார் டைரக்டர்.

* * *

தியேட்டர் வாசலில் ஆட்டோ நின்றது. நேரே ஸ்பெஷல் ஷோ நடக்கும் இடத்துக்குப் போயிருந்தால் நேரம் தாராளமாக இருந்திருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கே அந்த ஆட்டோக்காரரிடம், "வேற எங்கேயும் திரும்பாதீங்க" என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

டைரக்டர் வீட்டுக்குப் போகச் சொன்னார். இந்த டீ-ஷர்ட்டோடு மேடையேறினால் நன்றாகவா இருக்கும்?

வழியெல்லாம் வசனம் ஓடியது. "தப்பு என்னுடையது." இல்லை, மொட்டையாக இருக்கிறது. "நண்பர்களே, இந்த மேடையில் ஒரு கேஸை முடித்து வைக்க வந்திருக்கிறேன்." இது கொஞ்சம் பரவாயில்லை. "உண்மைக் குற்றவாளி இதோ உங்கள் முன்னால் நிற்கிறான்." ஆட்டோக்காரர் கண்ணாடியில் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டில் இஸ்திரிச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. போட்டுக்கொண்டார். அந்தச் சட்டைக்குத் தாடி பொருந்தவில்லை. ஷேவ் செய்தார். ஒரு வசனத்தை மாற்றினார், அதை மறுபடி மாற்றினார், பொழுது சாய்ந்ததே தெரியவில்லை. மறுபடியும் ஆட்டோ பிடித்தார். சிக்னலில் நின்றார்கள். அடுத்த சிக்னலிலும் நின்றார்கள்.

ஸ்பெஷல் ஷோ நடந்த இடத்தில் மாடி முன்கூடம் காலியாக இருந்தது. அரங்கக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கேள்வி பதில் நடந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். கதவை நோக்கி நடந்தவர், சுவரில் ஆளுயரக் கண்ணாடி இருப்பதைப் பார்த்து நின்றார். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

அவர் காலரை நீவிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு பெண் நிருபரின் குரல் கேட்டது. "மேடம், முதல் படத்துல அந்த எடிட்டிங் தப்பு உங்களோடதுன்னு உங்க அண்ணன் அப்பவே சொன்னார். அதைத் திருத்தத்தான் இந்தப் படமா?"

"ஆமா" என்றாள் கத்திரி. "என் தப்புதான். என் தப்பை நானே திருத்திட்டேன்னு வெச்சுக்கங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டைரக்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், கை காலரில்.

* * *

கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தது. அந்தப் பெண் நிருபர்தான் அவரை முதலில் பார்த்தாள். பார்த்ததும் போனை நீட்டிவிட்டாள். "சார், நீங்களும் வந்திருக்கீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க தங்கச்சி மேடையில தப்பை ஒத்துக்கிட்டாங்க."

டைரக்டர் நேரே சொன்னார். தயார் செய்து வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோய், வெறும் வார்த்தையாகத்தான் வந்தது. "தப்பு அவளோடது இல்லம்மா. என்னோடது. அவ அந்த ஷாட்டை வெட்டிட்டா. நான்தான் திரும்பச் சேத்தேன்."

நிருபர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் கனிந்தது.

"எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றாள். "தங்கச்சியைக் காப்பாத்தறதுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க."

"இல்லம்மா, நிஜமாவே..."

"புரியுது சார்." அவள் திரும்பிச் சுற்றியிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னாள். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கூடமே தட்டியது. ஒருவர் டைரக்டரின் தோளில் தட்டி, "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்றார். இன்னொருவர் போட்டோ எடுத்தார். இஸ்திரிச் சட்டையில் டைரக்டர் நன்றாகத்தான் விழுந்திருப்பார்.

கத்திரி படிகளுக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் டைரக்டர் அவளிடம் போனார். பக்கத்தில் அண்ணி கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தார்.

"பாப்பா" என்றார்.

"பாத்தியா அண்ணா?"

"பகல் காட்சி. தனியா போனேன். என் படத்தைவிட நல்ல படம்."

கத்திரியின் கண் கலங்கியது. அதற்காகத்தான் அவள் பாஸ் அனுப்பியிருந்தாள். வேறு எதற்காகவும் இல்லை.

"அவங்ககிட்ட உண்மையைச் சொன்னேன். நம்பல" என்றார் டைரக்டர். "இரு, நான் மேடையில ஏறி மறுபடியும் சொல்றேன். விளக்கமா சொல்றேன்."

"வேண்டாம் அண்ணா." அவள் களைத்துப்போய்ச் சிரித்தாள். "எத்தனை தடவை சொன்னாலும் உனக்குத்தான் கை தட்டுவாங்க. எனக்குப் பழகிப்போச்சு. நானே ஒத்துக்கிட்டதால இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. விடு."

அன்று பேட்டியில் சிரித்த அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்ப வாங்க முடியுமென்றால் டைரக்டர் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்.

"என்னால விட முடியாது" என்றார் அண்ணி.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நான் சொன்னா நம்புவாங்க. நான் பாத்தேன்." அண்ணி கத்திரியின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு மதியம் சாப்பாடு கொண்டு வந்தேன். நீ மேஜையில தலைய வெச்சுத் தூங்கிட்டிருந்த. இவர் அந்தப் பையன்கிட்ட, 'சீக்கிரம் சேத்துடுடா, அவ முழிச்சுக்கப் போறா'ன்னு சொல்லிட்டிருந்தார். கேரியரை வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டேன்."

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கத்திரி அவரைப் பார்க்கவில்லை.

"நீங்க பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"இத்தனை வருஷமாவா?"

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். வேலை இல்லாத நாட்களில் கத்திரி அந்த மருந்துக்கடைக்கு வந்து, அண்ணி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியிருக்கிறாள். எனக்கு ஏன் இப்படி ஆச்சு அண்ணி என்று அழுதிருக்கிறாள். அண்ணி மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று அண்ணி கைப்பையை டைரக்டரிடம் கொடுத்தார். நிருபர் வாசலைத் தாண்டப் போனாள். "ஏம்மா, நில்லு. அந்த போனைத் திரும்ப ஆன் பண்ணு. நான் அவரோட மனைவி. நான் சொல்றதை எழுதிக்கோ."

நிருபர் திரும்பி வந்தாள். முன்பு கை தட்டிய கூட்டமும் திரும்பி வந்தது. அண்ணி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார், மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே நிதானத்தோடு. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் நம்பினார்கள்.

கத்திரி மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. யாருக்காக அண்ணி பேசினாரோ, அவள் மாடிப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே மனைவியின் குரல். கீழே தங்கையின் செருப்புச் சத்தம். டைரக்டர் கைப்பையைப் பிடித்தபடி நடுவில் நின்றார்.